தண்டவாளத்தில் முடியும் பாதை

கதை விடுகிறான் என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். பேய், பிசாசு என்றால் வாய்விட்டுச் சிரித்த ஆள்தான் நானும். ஆனால் இது என் தங்கைக்கு நடந்தது. என் கண் முன்னால் நடந்தது.

கைபேசி வரைபடத்தில் நடைபாதைகளை வரைவது என் வேலை. தங்கைக்குக் கண் தெரியாது. அந்த வரைபடம் காதில் சொல்லும் வழியைக் கேட்டுத்தான் அலுவலகம் போய் வருவாள். அதனால் எங்கள் பகுதியை மட்டும் பார்த்துப் பார்த்து வரைவேன்.

டிராம் தண்டவாளத்தைக் கடக்கும் பழைய வழி ஒன்றை வேலி போட்டு அடைத்துவிட்டார்கள். அன்று காலை வரைபடத்தில் அந்த வழிக்கு இருந்த கோட்டை அழித்தேன். மதியம் பார்த்தால் மறுபடி இருந்தது. வரைந்தவர் என்ற இடத்தில் என் பெயர்! தூக்கக் கலக்கம் என்று என்னையே திட்டிக்கொண்டு மறுபடி அழித்தேன்.

சாயங்காலம் ஆறே காலுக்குத் தங்கை கூப்பிட்டாள்.

"அண்ணா, இன்னிக்கு என்ன, புது வழியா சொல்லுது?"

திரையைப் பார்த்தேன். கோடு திரும்பி வந்திருந்தது. ஆனால் இப்போது அது அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே... நின்றுவிட்டது.

இப்படிப் பாதியில் நிற்கும் கோட்டில் செயலி யாரையும் அனுப்பாது. போய்ச் சேர வேண்டிய இடமே அதன் நுனியில் இருந்தால்தான் அனுப்பும்.

"பாப்பா, நில்லு! அங்க வேலி இருக்கு!"

"வேலியா? இல்லையே. ஒருத்தர் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறாருண்ணா. கைதான் ஜில்லுனு இருக்கு."

"கைய விடு!"

"விட மாட்டேங்கிறாரு..."

ஓடினேன். மூன்று தெரு. போன் காதிலேயே இருந்தது.

டிங்... டிங்... டிராம் மணி.

"நீங்கள் சேர வேண்டிய இடம் வந்துவிட்டது," என்றது செயலியின் குரல்.

கடவுளே... என் உயிரை எடுத்துக்கோ. அவளை விட்டுடு.

கிறீ...ச்!

வேலி அப்படியே இருந்தது. ஒரு சந்துகூட இல்லை. அதற்கு உள்ளே, டிராமுக்கு ஒரு முழம் முன்னால், அவள் தனியாக நின்றிருந்தாள். வேலி ஏறிக் குதித்து அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன்.

டிராம் ஓட்டுநர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"நல்லவேளை, பார்த்து நிறுத்துனீங்க."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அந்த எடத்துல தினமும் ஒருத்தர் நிப்பார் சார். மொதல்ல நாங்க எல்லாரும் பிரேக் போடுவோம். கிட்ட போனா ஆள் இருக்காது. இப்பல்லாம் யாரும் போடுறதில்ல..."

"அப்போ இன்னிக்கு?"

"இன்னிக்கு ரெண்டு பேர் நின்னாங்க."