கீரையில் படிந்த கரி

மூன்று வருடங்களுக்கு முந்தைய கோடையில், பாகூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் நடந்தது இது. அப்போது நான் புதுச்சேரியில் எம்.எஸ்ஸி. வேதியியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. அதில் கீரை போட்டு, அறுத்துக் கட்டி, தவளக்குப்பத்தில் ஒரு கடைக்குக் கொடுத்துவந்தார். எங்கள் வீட்டு அடுப்பு எரிந்ததும் நான் படித்ததும் அந்தக் கீரையில்தான்.

அந்தக் கோடையில் இலைமேல் கரி படிய ஆரம்பித்தது. கட்டைத் தொட்டாலே கையெல்லாம் கறுப்பு. கடைக்காரர் சில நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு, இதை யார் வாங்குவார்கள் என்று கட்டுகளை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்.

வயலுக்குக் கிழக்கே, பழைய டயரைச் சூளையில் வேகவைத்து எண்ணெய் எடுக்கும் கம்பெனி ஒன்று வந்திருந்தது. காற்றும் அந்தப் பக்கமிருந்துதான் வீசும். சந்தேகம் வேறு யார்மேல் வரும்? ஆனால் கேட்கப்போன அப்பாவிடம் அதன் மேனேஜர் சிரித்துக்கொண்டே வேறு கதை சொன்னார். இந்த மண்ணுக்கு அடியில் பழுப்பு நிலக்கரி இருக்கிறது, நீங்கள் தண்ணீருக்குப் போர் போட்டபோது கறுப்பு மண் வந்ததே, வரப்போரம் குவித்து வைத்திருக்கிறீர்களே, அதுதான் காய்ந்து பறக்கிறது என்றார்.

எரிச்சல் என்னவென்றால், அதில் பாதி உண்மை. போரிலிருந்து கறுப்பு மண் வந்தது நிஜம். எங்கள் பக்கம் ஆழமாகத் தோண்டியவர்கள் பலரும் அதைப் பார்த்திருக்கிறார்கள். அப்பாவே குழம்பிப்போய், நம் தப்புதானோ என்று புலம்ப ஆரம்பித்தார். மேனேஜர் அதோடு விடவில்லை. அந்தப் போரை மூட உத்தரவு போட வேண்டும் என்று கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் மனுவும் கொடுத்துவிட்டார். அதிகாரி நேரில் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. போர் போனால் தண்ணீர் இல்லை, கீரை இல்லை. அந்த வயதில் அப்பா கூலிக்குத்தான் போக வேண்டும். எனக்கு சுர்ரென்று கோபம் ஏறியது.

எங்கள் துறையில் அகச்சிவப்பு ஒளியால் பொருட்களைச் சோதிக்கும் கருவி இருந்தது. அதில் சோதித்துக்கொள்ள அனுமதி கேட்டேன். பேராசிரியர் யோசித்துவிட்டு, செய்துகொள், ஆனால் கல்லூரிப் பெயரை இழுக்காதே என்றார். என் பெயர் போதும் சார் என்றேன்.

விஷயம் சிக்கலானது இல்லை. பழுப்பு நிலக்கரி என்பது மண்ணுக்குள் மக்கிய மரம். மரத்தில் இருந்த ஆக்சிஜன், ஹைட்ரஜன் பிணைப்புகள் அதில் இன்னும் மிச்சம் இருக்கும். அவை ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்தில் ஒளியை விழுங்கும், வரைபடத்தில் பள்ளம் பள்ளமாகத் தெரியும். சூளையில் வெந்த கரியில் அவை பெரும்பாலும் கருகிப்போய்விடுவதால் கோடு ஏறக்குறைய வெறுமையாக ஓடும்.

முதலில் போர் மண்ணில் ஒரு பிடியும், கீரை இலையிலிருந்து சுரண்டிய கரியும் எடுத்துப்போனேன். போர் மண்ணிலும் பள்ளங்கள், இலைக் கரியிலும் பள்ளங்கள். மேனேஜர் சொன்னதே சரியோ என்று இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பிறகுதான் உறைத்தது. இலையின் மேல் மெழுகும் ஈரமும் இருக்குமே, அதையும் சேர்த்தல்லவா சுரண்டியிருக்கிறேன்! இலையே படாத கரி வேண்டும். வீட்டிலிருந்த பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தைக் கழுவிக் காயவைத்து, மோட்டார் கொட்டகைக் கூரைமேல் வைத்தேன்.

அம்மா பார்த்துவிட்டார். "இன்னாடி இது, எங்கம்மா வூட்டுச் சீர் தட்டுல கரி புடிக்கிற?"

தாம்பாளத்தில் சேர்ந்த கரியை நன்றாக உலர்த்திச் சோதித்தபோது பள்ளங்களைக் காணவே காணோம். மறுபடி செய்தேன், அப்படியேதான் வந்தது. தட்டில் விழுந்தது எங்கள் போர் மண் இல்லை. ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்தில்தான்.

ஊருக்கு வந்து சொன்னதும் புதுத் தலைவலி. பக்கத்து நிலத்துக்காரர், எனக்குச் சித்தப்பா முறை, என்னைத் தனியாக அழைத்தார். "குவியல்ல இருக்கறது, தட்டுல வுழுந்தது, ரெண்டுமே கம்பெனிக் கரின்னு சொல்லிடு பாப்பா. போரு மண்ணு நிலக்கரின்னு நம்ம வாயாலயே சொன்னா, அவனுக்கு நாமளே எடுத்துக் குடுத்தமாரி ஆயிடும்."

முடியாது என்றேன். ஊரோடு ஒத்துப்போகாத படிச்ச திமிர் என்று முகத்துக்கு நேராகவே சொன்னார். ஆமாம், திமிர்தான். எங்களை ஒருவர் பொய்யால் அடிக்கிறார் என்று நியாயம் கேட்கப்போகிற நான், கையில் இன்னொரு பொய்யோடு போக வேண்டுமா?

அதிகாரி வந்த அன்று வரப்பில் நல்ல கூட்டம். மேனேஜர் தயாராக வந்திருந்தார். ஏதோ ஒரு ஆய்வகத்தில் வாங்கிய அறிக்கையை எடுத்து, குவியலில் இருப்பது பழுப்பு நிலக்கரியே என்று என்னைப் பார்த்தபடி நிறுத்தி நிறுத்திப் படித்தார். சித்தப்பாவின் முகம் தொங்கிப்போனது.

"ஆமா சார், அது நிலக்கரிதான். நானும் அதையேதான் சொல்றேன்" என்றேன். நான் மறுப்பேன் என்று நம்பி வந்தவர் தன் அறிக்கையை மறுபடி புரட்டினார். இரண்டு வரைபடங்களையும் அதிகாரியிடம் நீட்டி, கூரையில் விழுந்தது இந்த மண் இல்லை என்று காட்டினேன். அப்படியானால் அது டயர் கரியா என்று அதிகாரி கேட்டார். அதை இந்தக் கோடு மட்டும் சொல்லாது என்று உள்ளதைச் சொன்னேன்.

மேனேஜருக்குத் தெம்பு வந்துவிட்டது. ஒரு ஸ்டூடண்ட் கொண்டுவந்த பேப்பரை யார் ஒத்துக்கொள்வார்கள் என்று சிரித்தார்.

"ஒத்துக்க வேணாம் சார். உங்க சூளைக் கரியில ஒரு சிட்டிகை இப்பவே குடுங்க. பாதிய உங்க லேபுக்கு அனுப்புங்க, பாதிய நான் போட்டுப் பாக்குறேன். ரெண்டையும் தட்டுல வுழுந்த கரியோட வச்சு சாரே பாக்கட்டும்."

அதிகாரி மேனேஜரையே பார்த்தார். முதலாளியைக் கேட்க வேண்டும் என்று மேனேஜர் முனகினார். அப்படியானால் கேட்டுக்கொண்டு வாருங்கள், அதுவரை போரை மூடச் சொல்ல முடியாது என்று அதிகாரி கிளம்பிவிட்டார்.

அந்தச் சிட்டிகைக் கரி இன்றுவரை வரவில்லை. எங்கள் மண் குவியலை அப்பா பள்ளம் வெட்டிப் புதைத்துவிட்டார். அதற்குப் பிறகும் இலையில் கரி விழுந்தது. அதையும் கொம்யூன் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். ஒருவழியாகக் கம்பெனிக்காரர்கள் சூளையைச் சுற்றித் தகரம் அடித்தார்கள். கரி குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. நானும் மனு எழுதுவதை நிறுத்தவில்லை. போர் ஓடுகிறது, கீரை கடைக்குப் போகிறது.

அன்று எங்களுக்கு எதிரான பாதியையும் சேர்த்தே நான் சொன்னதால்தான் யாராலும் என் வாயை அடைக்க முடியவில்லை. இனி எவர் வந்து, நமக்கு வேண்டியதை மட்டும் சொல் என்றாலும், சொந்த ஊரே சொன்னாலும், நான் முழுதாகத்தான் சொல்வேன்.