ஒரே கோப்பு, இரண்டு கணினி

அவசரத்துக்கு இரத்தம் கொடுப்பவர்களின் விபரங்களை நானும் கிண்ணியாவில் இருக்கும் றிசானாவும் ஒரே தரவுத்தளக் கோப்பில் வைத்திருந்தோம். அதைக் கிளவுட் ஃபோல்டரில் போட்டு, ஓர்ஸ் ஹில்லில் என் கணினியிலும் அவளுடைய கணினியிலும் ஒன்றுபோல் இருக்கச் செய்தது என்னுடைய கெட்டித்தனம்.

ஒரு காலை ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்கு ஓ நெகட்டிவ் இரத்தம் வேண்டுமாம். கோப்பு திறக்கவில்லை. முந்தின நாள் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் அதில் பதிந்துகொண்டிருந்தபோது, அரைகுறையாக இருந்த கோப்பைக் கிளவுட் எடுத்துக்கொண்டுவிட்டது. றிசானாவிடம் இருந்ததும் அதே பழுதோடு கிடந்தது. பழுதையும் அது நேர்மையாகப் பிரதி எடுக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை.

"ஒண்டும் செய்ய ஏலாது றிசானா, எல்லாம் போச்சு" என்று தொலைபேசியில் அழுதேன்.

"ஆக்கள் கம்பியூட்டருக்குள்ளயா இருக்காங்க, அக்கா? நான் பள்ளிவாசல்ல அறிவிக்கச் சொல்றன்."

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கடலிலிருந்து நேரே, இடுப்பில் கட்டிய ஈரச் சாரத்தோடு ஒருவர் அங்கே வந்தார்.

"அறிவிப்பக் கேட்டு வந்தன். எனக்கும் அதே ரத்தம்தான்."

தாயும் பிள்ளையும் தப்பினார்கள்.

இப்போது புதிய கோப்பு றிசானாவின் கணினியில் மட்டும்தான். நான் சொல்லச் சொல்ல அவள் பதிவாள். வேலை முடிந்து கோப்பை மூடிய பிறகு எடுக்கும் பிரதிதான் கிளவுடுக்குப் போகும். பழைய பெயர்களை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்கிறோம்.

ஆனால் முதலில் பதிந்தது அந்த ஈரச் சாரக்காரரின் பெயரை. பழைய கோப்பு ஒழுங்காகத் திறந்திருந்தாலும் அவரை நாங்கள் அழைத்திருக்க மாட்டோம். அதில் அவர் இருக்கவில்லை.