பிரசவ விடுப்புக்காக ஜீப்பை மறித்த அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொள்ளும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், தங்கையாகிய நான் அவரைப் பற்றிச் சிறிது சொல்ல விரும்புகிறேன்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த எங்கள் பெற்றோருக்கு, கேரள மலையில் சின்னக்கானல் அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், மூத்த மகளாகப் பிறந்தார் அக்கா. மழையில் சறுக்கி விழுந்து அப்பா படுத்துவிட்டபோது, பள்ளியை நிறுத்திவிட்டுத் தற்காலிகத் தொழிலாளியாகக் கொழுந்து கிள்ளப் போனார். என் படிப்பு மட்டும் நிற்கவே இல்லை.

அக்காவுக்குச் சிரிப்பும் அதிகம், கோபமும் அதிகம். சந்தையில் மீன்காரரிடம் மலையாளத்தில் பேரம் பேசுவார். படியவில்லையென்றால் தமிழில் திட்டுவார். மீன்காரரும் தமிழர்தான்.

அவருக்கு மகன் பிறந்தபோது, தற்காலிகத் தொழிலாளிக்குப் பிரசவ விடுப்பு கிடையாது என்று சூப்பர்வைசர் சொன்னதை நாங்கள் எல்லோருமே நம்பினோம். பச்சை உடம்போடு வேலைக்குப் போனார். பால் கட்டிய வலியில், ரவிக்கை நனைய நனையக் கொழுந்து கிள்ளினார். அதை யாரிடமும் சொல்லிப் புலம்பியதில்லை.

அக்கா நிரந்தரத் தொழிலாளியாகிச் சில ஆண்டுகள் சென்றபின், பக்கத்து வீட்டுச் செல்வி கர்ப்பமானார். செல்வியும் தற்காலிகம்தான். அவருக்கும் அதே பதிலே கிடைத்தது. அந்த வாரம் தொழிலாளர் துறை அதிகாரி ஒருவர் தோட்டத்தைப் பார்வையிட வந்தார். அவரிடம் கேட்டுவிடுவதென்று அக்கா கிளம்பினார்.

"வேண்டாம்டி. வேலையும் போவும், வீட்டையும் காலி பண்ணச் சொல்லிருவாவ" என்று அக்காவின் கணவரான மாமா தடுத்தார்.

அக்கா செல்வியையும் என்னையும் கூட்டிக்கொண்டு போய், தோட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்த அதிகாரியின் ஜீப்பின் முன்னால் நின்றார். "சாரே, டெம்பரரியா வேலை பாக்குறவ பெத்தா அது பிள்ளை இல்லையா?"

அதிகாரி இறங்கி வந்து, எவ்வளவு காலமாக வேலை செய்கிறாய் என்று செல்வியிடம் விசாரித்தார்.

"ரெண்டு வருசமா விடாம வாறேன் சார்."

"டெம்பரரி ஆயாலும் லீவுண்டு. கூலியும் உண்டு. ஆரா இல்லான்னு பறஞ்ஞது?"

இல்லையென்று யார் சொன்னது என்று அதிகாரி கேட்டதும், உடன் வந்த சூப்பர்வைசர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா மெதுவாகக் கேட்டார்: "அப்போ எனக்கும் இருந்துச்சா சாரே?"

"உண்டாயிருந்நு" என்றார் அதிகாரி. இருந்திருக்கிறது.

அக்கா சாலையோரக் கல்லில் உட்கார்ந்து அழுதார். அப்பா இறந்த அன்றுகூட அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

செல்விக்குச் சம்பளத்தோடு விடுப்புக் கிடைத்தது. அக்காவையோ செங்குத்தான சரிவில் வேலைக்கு மாற்றினார்கள். முழங்கால் வீங்கி, அவரால் மற்றவர்களுக்கு ஈடாகக் கிள்ள முடியவில்லை. உடன் வேலை செய்த பெண்கள் ஆளுக்கொரு பிடி கொழுந்தை அவர் சாக்கில் போட்டுவிட்டுப் போவார்களாம். அந்த மழைக்காலம் முழுவதும் அப்படித்தான் நடந்தது.

அதன்பின் காய்ச்சலோடு வேலைக்கு வரும் எவரையும் அக்கா விடமாட்டார். "ஏட்டி, லீவுன்னா லீவு. போய்ப் படு. கொழுந்து உன்னைத் தேடாது" என்று திருப்பி அனுப்புவார். புதிதாய்ப் பிள்ளை பெற்றவர்கள் வீட்டுக்குக் கருவாட்டுக் குழம்போடு போய், விடுப்பு முடியுமுன் யாரும் வேலைக்குக் கிளம்பவில்லையே என்று பார்த்துவிட்டு வருவார்.

நுரையீரல் நோய் கடைசியில் அவரைப் படுக்கையில் தள்ளியது. மூச்சு வாங்கும்போதும் வந்தவர்களைச் சிரிக்க வைத்தே அனுப்பினார்.

அந்நாட்களில் முறை வைத்து அவரைக் குளிப்பாட்டிய லயத்துப் பெண்களுக்கும், கூப்பிட்ட நேரமெல்லாம் ஜீப்போடு வந்து நின்ற ஓட்டுநருக்கும், தேனி மருத்துவமனைச் செவிலியருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். சென்ற வாரம், ஜார்க்கண்டிலிருந்து வந்து இங்கே வேலை செய்யும் ஒரு கர்ப்பிணிப் பெண் அக்காவின் பெயரைச் சொல்லித் தேடி வந்தாள். அவள் மொழி எனக்குத் தெரியாது. அக்கா இல்லை என்பதை எப்படிச் சொல்வதென்று தவித்து நின்றேன். பக்கத்து வீட்டிலிருந்து செல்வி வந்தார். அந்தப் பெண்ணின் வயிற்றைப் பார்த்தார், கையைப் பிடித்தார்.

"வா, ஆபீசுக்குப் போவோம்" என்று அவளைக் கூட்டிக்கொண்டு இறங்கி நடந்தார்.