கழுத்து ஒடிந்த கிட்டார்

திருப்பூரில் கோபத்தைக்கூட மரியாதையாகத்தான் காட்டுவார்கள். குழாயடியில் என் குடத்தை நகர்த்திவிட்டுத் தன் குடத்தை வைக்கிற பெண், "கொஞ்சம் தள்ளிக்கறீங்களாங்க்கா" என்பாள். எங்கள் சாத்தான்குளம் பக்கத்தில் இதற்கு ஒரு சண்டையே நடக்கும். சண்டை முடிந்தால் யார் எங்கே நிற்கிறோம் என்றாவது தெரிந்துவிடும். இங்கே சண்டை கிடையாது. ஆனால் குடம் நகர்ந்திருக்கும். ஊரிலிருந்து புதிதாகப் பிழைக்க வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: கேள்வி மாதிரி கேட்பார்கள், அது கேள்வி இல்லை. இது எனக்குப் பிடிபடுவதற்குள் என் கணவருடைய கிட்டாரின் கழுத்து ஒடிந்துவிட்டது.

அவர் பெயர் செல்வின். அவருக்கும் அவருடைய அண்ணனுக்கும் சேர்த்து அவர்கள் அப்பா வாங்கிக் கொடுத்த கிட்டார் அது. இருவரும் ஊர்ச் சர்ச்சில் மாறி மாறி வாசித்தார்கள். அப்பா இறந்து, பாகம் பிரிக்கும் பேச்சு வந்தபோது, இருக்கிற ஒரே வீட்டைப் பிரித்தால் இருவருக்கும் ஆகாது என்று சொல்லி இவர் வீட்டை அண்ணனுக்கு விட்டுவிட்டார். "எனக்கு கிட்டார் போதும்ணே" என்றார். அண்ணன் ஒரு வார்த்தை மறுத்துப் பேசுவார் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு பைகளும் அந்த கிட்டாருமாக நாங்கள் திருப்பூர் நல்லூருக்கு வந்து சேர்ந்தோம். இவர் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங்கிலும், நான் இன்னொன்றில் ஓவர்லாக் தையலிலும் வேலைக்குச் சேர்ந்தோம். ஞாயிறு மட்டும் எங்களைப் போலத் தெற்கிலிருந்து வந்தவர்கள் கூடும் சின்னச் சபையில் இவர் வாசிப்பார்.

நாங்கள் குடியிருந்த லைன் வீட்டின் சொந்தக்காரம்மா நல்ல மனுஷி. கண்ணு என்றுதான் என்னைக் கூப்பிடுவார். ஒரு நாள் வாசலில் நின்று, "பையனுக்குக் கல்யாணம் வெச்சிருக்கறோம் கண்ணு. ஊட்டுக்கு வெள்ளையடிக்கோணும். அதுக்குள்ள நீங்க பாத்துக்கறீங்களா?" என்று கேட்டார். கல்யாண அலைச்சலில் அவர்கள் வெளியே போய்விடுவார்கள், வெள்ளையடிக்க வருகிறவர்களை நாம் பார்த்துக்கொள்ள வேண்டும் போல என்று நினைத்தேன். இவ்வளவு பெரிய பொறுப்பை நம்மிடம் கொடுக்கிறாரே என்று எனக்குப் பெருமைகூட இருந்தது. "நாங்க பாத்துக்கிடுதோம்மா, நீங்க கவலப்படாதீங்க" என்றேன். அவரும் சந்தோஷமாகப் போனார்.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து வந்தால் எங்கள் சாமான் எல்லாம் சந்தில் இருந்தது. உள்ளே சுண்ணாம்பு வாசனை. வெள்ளையடிக்கிறவர்கள் அவசரத்தில் எடுத்து வைத்ததில் கிட்டார் கீழேயும் டிரங்குப் பெட்டி அதன் மேலேயும் இருந்தன. இவர் பெட்டியைத் தூக்கிவிட்டு உறையைத் திறந்தார். தலைப்பகுதி ஆரம்பிக்கிற இடத்தில் கழுத்து சாய்வாக ஒடிந்து, சிம்பு சிம்பாக மரம் தெரிய, தலை கம்பிகளில் தொங்கிக்கொண்டிருந்தது. சொந்தக்காரம்மா ஓடிவந்தார். அவர் பார்த்துக்கொள்ளச் சொன்னது வேறு வீட்டை; சொல்லி மாதமாகிறதே, நீங்களும் சரி என்றீர்களே என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். "தப்பா நெனச்சுக்காதீங் கண்ணு" என்று காபியும் கொடுத்தார். அந்தக் காபியை வாங்கிக் குடித்தேன் என்பதை இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது. கத்திச் சண்டை போட்டிருந்தால் மனதாவது ஆறியிருக்கும். யாரும் எதையும் வேண்டுமென்று செய்யவில்லை. பிறகு யாரிடம் சண்டை போடுவது?

பனியன் துணி பின்னும் ஒரு நிட்டிங் பட்டறைக்குப் பின்னால் ஓர் அறை கிடைத்தது. பகல் முழுக்க இரைச்சல். கோயம்புத்தூரில் வாத்தியக் கடைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, இதைச் சரிசெய்வதற்குப் புதிதே வாங்கிவிடலாம் என்று சொல்லிவிட்டார். இவர் அதைப் பரண்மேல் போட்டார். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் உடம்பு சரியில்லை என்று சொல்லிச் சபைக்கு வருவதையும் நிறுத்திக்கொண்டார். நான்தான் ஒரு நாள் அதை எடுத்துப் பார்த்தேன். துணி தைப்பவளுக்குக் கிழிசலைப் பார்த்தால் எப்படிச் சேரும் என்று தெரிந்துவிடும். ஒடிந்த இரு முகங்களையும் சேர்த்துப் பார்த்தேன். ஒரு சிம்புகூடக் காணாமல் போகவில்லை. மரப்பசை போட்டு அசையாமல் இறுக்கிக் கட்டினால் பிடிக்கும் என்று தோன்றியது. இவரிடம் சொன்னேன். "விடுட்டி. ஒட்டுனது ஒட்டுனதாத்தான் இருக்கும்" என்றார்.

இறுக்கிக் கட்ட எலாஸ்டிக்தான் சரி. கம்பெனியில் ஜட்டிக்கு வைக்கும் எலாஸ்டிக் துண்டுகள் வேஸ்டில் நிறையக் கிடக்கும். சூப்பர்வைசரிடம் போய், "அண்ணே, வீட்ல கழுத்து ஒடிஞ்சி போச்சு. கட்டுறதுக்குக் கொஞ்சம் எலாஸ்டிக் வேணும்" என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஏனுங்க, ஆஸ்பத்திரிக்குப் போகாம இங்க எதுக்குங்க வந்தீங்க?" என்றார். கிட்டாருக்கு என்று விளக்கியதும் சுற்றி இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். எலாஸ்டிக் கொடுத்தார். ஆனால் மறுநாளிலிருந்து வாயிற்கதவில் என் டிபன் பையை மட்டும் திறந்து காட்டச் சொன்னார்கள். "கொஞ்சம் காட்டறீங்களாங்க?" அதுவும் கேள்வி இல்லை.

அடுத்த வார விடுமுறையில் கம்பிகளைக் கழற்றினேன். பிளவைக் கொஞ்சமாக விரித்துப் பிடித்து, ஊசியின் மழுங்கிய முனையால் பசையை ஆழம் வரைக்கும் தள்ளினேன். இரண்டு கை போதாமல் நான் தடுமாறுவதைப் பார்த்து, கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்து வந்தார். தலையையும் கழுத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நான் எலாஸ்டிக்கை இழுத்து இழுத்துச் சுற்றினேன். பிதுங்கிய பசையைப் பனியன் துணியால் துடைத்தேன். சில நாள் கழித்து அவிழ்த்தபோது மூட்டு அசையவில்லை. உப்புத்தாளால் அவரே தேய்த்தார். கம்பி மாட்டியபோது முழுச் சுருதிக்கு ஏற்றப் பயந்து, கொஞ்சம் தளர்த்தியே வைத்தார். வடு, தொட்டால் விரலுக்குத் தெரியும். வாசித்தார். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனோம். கிட்டாரையும் எடுத்துக்கொண்டார். அண்ணன்தான் இப்போது பாடகர் குழுவுக்குத் தலைவர். ஆராதனைக்கு முன்னால் இவர் உறையைத் திறந்தபடியே குழு இருக்கும் பக்கம் போனார். அண்ணன் எதிரே வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி அன்பாகவே சொன்னார்: "நீ விருந்தாளி தம்பி. போய் உக்காரு. இங்க வாசிக்கதுக்குப் பிள்ளையள் பழகி வச்சிருக்கு." இவர் திரும்பி வந்து ஆண்கள் பக்கம் உட்கார்ந்தார். குழு பாடப் பாட, இவருடைய இடது கை விரல்கள் தொடைமேல் அழுந்தி அழுந்தி இடம் மாறிக்கொண்டிருந்ததை நான் பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்தேன். மத்தியானச் சாப்பாட்டில் அண்ணன் கறியை அள்ளி வைத்துக்கொண்டே, "எப்ப ஊருக்குப் போற?" என்று கேட்டார். ஊருக்கு வந்திருக்கிறோம் என்றுதான் நாங்கள் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தோம். நாளைக்கு என்றார் இவர்.

திரும்பி வரும் வழியில் வண்டி மாற வேண்டிய மதுரையில், தெற்கு வண்டிகளுக்கு மாட்டுத்தாவணி, திருப்பூர் வண்டிகளுக்கு ஆரப்பாளையம். ஒன்றில் இறங்கி டவுன் பஸ் பிடித்து மற்றதுக்குப் போக வேண்டும். அந்த டவுன் பஸ்ஸில் பின் சீட்டு முழுக்கக் காலியாக இருந்தது. இவர் கிட்டாரை வெளியே எடுத்தார். சர்ச்சில் வாசிக்க நினைத்திருந்த பாட்டை, தளர்ந்த கம்பிகளில் மெதுவாக வாசித்தார். வண்டிச் சத்தத்தில் எனக்கே பாதிதான் கேட்டது. ஆரப்பாளையம் வந்தபோது பாட்டு முடியவில்லை. கம்பிகளை உள்ளங்கையால் அடக்கி, உறைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினார்.