தாடிக்காரனுக்குத் திறக்கும் கேற்

எங்கள் வீதியில் உயரமான மதில் யாருடையது என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் என் வீட்டைத்தான் காட்டும். இலங்கைத்துறையில் இருந்து உடுத்த சாரத்தோடு திருகோணமலைக்கு வந்தவன் நான். ஐந்தாம் வகுப்பைக்கூட முடிக்கவில்லை. கரைவலை இழுத்தேன், துறைமுகத்தில் சீமெந்து மூட்டை இறக்கினேன். பிறகு ஒரு வள்ளம், அதற்குப் பிறகு பெரிய போட்டுகள், ஐஸ் போடுகிற இடம், இந்த மேல்மாடி வீடு. ஒன்றையும் எனக்கு எவரும் தூக்கித் தரவில்லை. கேற்றுக்குப் போட்டிருக்கிறது உடைத்த கப்பலின் தகடு. மதிலுக்கு மேல் உடைத்த போத்தில் கண்ணாடி ஓடு. பதித்து முடிந்த அன்று வீதியில் நின்று அண்ணாந்து பார்த்தனான். ஒரு கள்ளனும் உள்ளே வர ஏலாது.

நான் வெளியே போக ஏலாமல் நிற்பேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

முன்பு அந்தக் கேற்றுக்குப் பூட்டே தேவைப்படவில்லை. என் மோட்டார்சைக்கிள் சத்தம் சந்தியில் கேட்டவுடனேயே மனைவி திறந்து வைத்துவிடுவாள். அவள் செத்த பிறகு, தனிய இருக்கிறேன் என்று கனடாவில் இருக்கிற மகனுக்குப் பயம். இடையில் லீவில் வந்தவன், விரலும் முகமும் பார்த்துத் திறக்கிற பூட்டு ஒன்றைக் கேற்றில் பொருத்தினான். உள்ளே இருந்து திறக்கவும் அதே சோதனைதான். கள்ளன் எப்படியோ உள்ளே குதித்தாலும் சாமானோடு கேற்றால் போக ஏலாதாம்.

முதலில் விரலை வைக்கச் சொன்னான். என் விரல்களில் ரேகை இல்லை. கரைவலைக் கயிறு பாதி தின்றது, மிச்சத்தைச் சீமெந்து தின்றது. ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தான், ஒவ்வொன்றுக்கும் சிவப்பு லைற்.

"அப்பா, உங்களுக்கு விரலே இல்லையாம்."

"இந்த விரலாலதான்ரா நீ பிளேன் ஏறினனி."

அடுத்து ஒரு இரகசிய இலக்கம் தந்தான். அதை நான் மீன் வெட்டித் தருகிற மனிசிக்குச் சொன்னேன், தேங்காய் பிடுங்க வருகிறவனுக்குச் சொன்னேன், முன்வீட்டு ரீச்சருக்கு மதிலுக்கு மேலால் கத்திச் சொன்னேன். வேண்டிய ஆட்கள் வந்தால் வெயிலில் நிற்க விடுகிறதோ? மகன் கனடாவில் இருந்து கமராவைப் பார்த்தால், அவனுக்குத் தெரியாத சனமெல்லாம் தாங்களாகத் திறந்து வருகுது, போகுது. அங்கிருந்தபடியே இலக்கத்தை அழித்துப் போட்டான். மிஞ்சினது என் முகம் ஒன்றுதான்.

அவன் பூட்டில் பதிந்த அந்த முகத்தில் அப்போது தாடி இருந்தது. எங்கள் கத்தோலிக்க ஆட்கள் முப்பத்தோராம் நாள் பூசையோடு சவரம் செய்துவிடுவார்கள். நான் ஆண்டுப் பூசை வரும்வரை கத்தி வைக்கவில்லை. இந்தக் கோயில் பங்கில் வேறு எவன் மனைவிக்காக அப்படி வளர்த்தவன் என்று கேட்டுப் பாருங்கள்.

ஆண்டுப் பூசை அன்று விடிய எழும்பி, தாடியை மழுங்க வழித்தேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட். பூசையில் காணிக்கை கொண்டுபோகும்போது அவளுடைய படத்தை நான்தான் தூக்கிப் போவேன் என்று பூசை வைக்கிற பங்குச் சுவாமியிடம் சொல்லி வைத்தனான். அதற்கென்றே பெரிய கண்ணாடிச் சட்டம் போட்டிருந்தேன். படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கேற்றடிக்குப் போய் முகத்தைக் காட்டினேன்.

சிவப்பு.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் காட்டினேன். சிவப்பு. சிரித்துக் காட்டினேன். அதற்கும் சிவப்பு. மகனுக்கு அடித்தால் மணி போகுது, எடுக்கிறான் இல்லை. அந்தக் கிழமை மட்டும் அவனுக்கு இரவு வேலை. வேலைக்குள் போனை லொக்கரில் வைத்துவிட வேண்டும்.

பூட்டுக் கம்பனியின் உதவிக்கு என்று போனில் ஒன்று போட்டுத் தந்திருந்தான். அதை அமத்தினேன். மனிசரைப் போலவே ஒரு பெண் குரல், ஆனால் மனிசர் இல்லை.

"வணக்கம். உங்களுக்கு நான் எப்படி உதவலாம்?"

"பிள்ளை, கேற்றைத் திறந்துவிடு. பூசைக்கு நேரமாகுது."

"புரிந்துகொண்டேன். கதவைத் திறக்க, நீங்கள் வீட்டு உரிமையாளர் என்பதை உறுதிப்படுத்த வேண்டும். தயவுசெய்து கதவில் உள்ள கமராவில் உங்கள் முகத்தைக் காட்டவும்."

"அதுதானே பிள்ளை பிரச்சினை. அதுக்கு என்னைத் தெரியேல்லை."

"கவலை வேண்டாம். உங்கள் பூட்டு மிகச் சிறப்பாக இயங்குகிறது."

கடலில் கேட்டுப் பழகின பேச்செல்லாம் அதற்குப் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றது.

அப்போதுதான் வெளியே வான் சத்தம் கேட்டது. கிண்ணியாவில் இருந்து வந்து என் மீனை எடுக்கிற முஸ்லிம் வியாபாரி, எங்களுக்கு நானா. போட்டுக்காரரை எல்லாம் சம்மாட்டி என்று கூப்பிடுவது இங்கே வழக்கம், அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். என்னைக் கோயிலடியில் இறக்கிவிடுகிறேன் என்று முதல்நாளே சொன்னவர்.

"சம்மாட்டியார்! வாங்க, மணி அடிக்கப் போறாங்க."

"வர ஏலாது நானா. தாடி வழிச்சனான், கேற்றுக்கு என்னைத் தெரியேல்லை."

வான் கதவு அடிபட்டது. பிறகு வயிறு குலுங்கச் சிரிக்கிறது கேட்டது.

"உங்கட ஊட்டுக் கேற்றுக்கே உங்களத் தெரியாட்டி, உள்ளுக்க நிக்கிறது நீங்கதான் எண்டு நான் எப்படி நம்புற?"

"நானா, உமக்குப் பகிடி. எனக்கு உயிர் போகுது."

சிரிப்பு நின்றது. அதற்குள் சனம் கூடிவிட்டது. ஒவ்வொருவரும் நான் சொல்லிக் கொடுத்த பழைய இலக்கத்தை அமத்திப் பார்க்கிறார்கள். பூட்டு கீச்சுக் கீச்சென்று கத்துகிறது. ஏணி வைக்கலாம் என்றால் மேலே போத்தில் ஓடு, என் முழங்காலும் சரியில்லை. வெல்டரைக் கூட்டிவர ஆள் போனது. ஆனால் அவன் எழும்பி, சாமானோடு வந்து, கப்பல் தகட்டை வெட்டி முடிக்கிறதுக்குள் பூசை முடிந்துவிடும்.

ரீச்சர் தன் மாடியில் நின்று, "அண்ணை, பஞ்சை நாடியில வைச்சுக் காட்டிப் பாருங்கோவன்" என்றா. படித்த மனிசி சொல்லுது. தலையணையைக் கிழித்துப் பஞ்சை எடுத்துத் தாடி மாதிரிப் பிடித்துக்கொண்டு அந்தக் கண்ணுக்கு முன்னால் நின்றேன். இவ்வளவு தொழில் செய்த மனிசன், துக்கம் கழித்த அன்றைக்கே பஞ்சால் துக்கத்தைத் திரும்ப ஒட்டிக்கொண்டு நிற்கிறேன். பூட்டு ஒரு கணம் யோசித்தது. பிறகு சைரன் ஊதத் தொடங்கியது. அதோடு முகம் காட்டினாலும் பார்க்கிறதில்லை என்று அது தன் கண்ணையும் மூடிக்கொண்டது.

முதல் மணி அடித்தது.

அப்போதுதான் தேங்காய் பிடுங்குகிற கொக்கத்தடி கண்ணில் பட்டது. படத்தைத் துவாயால் சுற்றி, தடியின் நுனியில் கட்டி, மதிலுக்கு மேலால் தூக்கினேன். போத்தில் ஓட்டில் முட்டாமல் தூக்கினேன். அந்தப் பக்கம் நானாவின் கை அதை வாங்கினது தடியில் தெரிந்தது.

"கவனம் நானா."

"பயப்படாதீங்க. நான் கொண்டு போறன்."

அவள் மதில் கடந்து போய்விட்டாள். நான் உள்ளே நின்றேன்.

நானா கோயிலுக்குள் போய் வீடியோ கோல் எடுத்தார். கேற்றடியில் கதிரை போட்டுக்கொண்டு, வெளிநாட்டில் இருக்கிற சனம் பார்க்கிறது மாதிரி, கூப்பிடு தூரத்தில் நடக்கிற பூசையை நான் போனில் பார்த்தேன். கோயில் மணி முதலில் காற்றில் வந்தது. கொஞ்சம் பிந்திப் போனுக்குள்ளும் அடித்தது. காணிக்கை நேரம் போன் வேறு யாருடைய கைக்கோ மாறினது. நானா தொப்பியைச் சேட் பைக்குள் வைத்துவிட்டு, படத்தை நெஞ்சோடு பிடித்தபடி நடுவால் நடந்தார். என்னைவிட நேராக நடந்தார். சுவாமி அவளுடைய பெயரை வாசித்தபோது போனில் வீடியோ நின்றுபோய் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. திரும்ப வந்தபோது எல்லாரும் முழங்காலில் இருந்தார்கள்.

பூசை முடிந்து கனநேரத்துக்குப் பிறகுதான் வெல்டர் வந்தான். அவன் வயரை இழுக்கும்போது மகன் அடித்தான்.

"அப்பா, பஞ்சுத் தாடியோட ஒரு கள்ளன் நிக்கிறான், படம் வந்திருக்கு! எங்க நிக்கிறியள்?"

"அந்தக் கள்ளன் நான்தான்ரா."

கேற் க்ளக் என்று திறந்தது. கனடாவில் இருந்து ஒரு விரல் அமத்தினது.

"கொம்மாவின்ர பூசைக்கு நான் போகேல்லை. இதை வெட்டி எறியப் போறன். வெல்டர் வந்து நிக்கிறான்."

அவன் மன்னிப்புக் கேட்பான் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"வெட்டுங்கோ அப்பா. உங்கட வீடு." பிறகு மெல்லச் சொன்னான். "நீங்கள் காலமை இந்தக் கேற்றால வெளிக்கிடேக்க என்ர போனில ஒரு சத்தம் வரும். இஞ்ச அப்ப இரவு. அந்தச் சத்தம் வந்தாத்தான் நான் படுக்கிறனான். அம்மா போனதுக்குப் பிறகு அப்பிடித்தான்."

வெல்டர் என்னைப் பார்த்தான். "வெட்டுறதோ, முதலாளி?"

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றேன்.

நானாவோடு சேமக்காலைக்குப் போய்ப் படத்தைக் கல்லறையில் சாத்தி வைத்து மெழுகுதிரி கொளுத்தினேன். அவள் என்னை விட்டுவிட்டுத் தனியாகப் பூசைக்குப் போய்வந்த நாள் அது.

அன்று பின்னேரம் மகன் என் முகத்தைத் திரும்பப் பதிந்தான், தாடி இல்லாத முகத்தை. கலியாணத்துக்கும் பெருநாளுக்கும் மட்டும் சவரம் செய்தவன் நான். இப்போது ஒவ்வொரு காலையும் வழிக்கிறேன், ஒரு நாள் விட்டால் அது யோசிக்கத் தொடங்கிவிடுமோ என்று பயம். வழித்துவிட்டு, நான் கட்டின மதிலுக்குள், நான் போட்ட கேற்றுக்கு முன்னால், துறைமுகத்தில் அந்த நாளில் பெயர் கூப்பிடுமட்டும் கங்காணிக்கு முன்னால் நின்ற மாதிரி நிற்கிறேன். பச்சை எரியும். போகிறேன்.

அவன் படுக்கட்டும்.