அந்தரத்தில் நின்ற எலுமிச்சம்பழம்

அக்கா வீட்டுக்காரரை நான் பாவா என்றுதான் கூப்பிடுவேன். திருத்தணிக்கும் திருப்பதி மலைக்கும் இருபது வருஷம் பஸ் ஓட்டியவர். சர்க்கரை முற்றி வலது காலை எடுத்த பிறகு மனுஷன் சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான்; பேச்சு கிடையாது, சோறும் வேண்டாம். அக்கா என்னைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். பஸ் ஓட்டும் கம்ப்யூட்டர் கேம் ஒன்றை வாங்கி அவர் முன்னால் வைத்தேன்.

அதில் இருந்ததெல்லாம் வெளிநாட்டு ஊர்கள். ஆனால் விளையாடுகிறவர்களே புது ஊரும் வண்டியும் செய்து சேர்க்கலாம். அதற்குப் பெயர் மோடு. அதைச் சொல்லிச் சொல்லித்தான் கம்பெனியே கேமை விற்றது. நானும் நம்பினேன், மடையன். சென்னை வேலைக்கு ரயிலில் போய்வந்த நேரம் போக, ஒரு வருஷம் உட்கார்ந்து பாவா ஓட்டிய எங்கள் மலைப்பாதையைச் செய்தேன். எந்த வளைவில் எந்த கியர் என்று எனக்குச் சொல்லச் சொல்லப் பாவாவுக்குப் பேச்சு வந்தது.

புது வண்டி எடுத்தால் சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் கிளப்ப மாட்டோம். கேமிலும் அது வேண்டும் என்று அடம்பிடித்தார். நாலு பழம் வைத்தேன். சக்கரம் ஏறினால் நசுங்கும்படி செய்யவே ஒரு வாரம் ஆனது. மூன்று ஒழுங்காக நசுங்கின. நாலாவது, என் கணக்குத் தப்பி, தரையில் படாமல் ஒரு சாண் மேலே அந்தரத்தில் நின்றது.

"பழத்துக்கு இன்னா திமிரு பாருடா மச்சான்" என்று பாவா வாய்விட்டுச் சிரித்தார். கால் போன பிறகு அவர் சிரித்தது அன்றுதான். அதனால் அந்தத் தப்பை நான் சரி செய்யவே இல்லை. அன்றைக்கு அக்காவிடம் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மோடை கம்பெனியின் தளத்தில் ஏற்றி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தேன். யார் யாரோ எங்கள் மலையில் பஸ் ஓட்டினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கேம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. மலையைக் காணோம். வெளியார் செய்த மோடுகள் இனி செல்லாதாம். கம்பெனிக்குக் கேட்டு எழுதினேன். நீ ஏற்றியதெல்லாம் எங்களுக்கும் சொந்தம், நீயே சம்மதித்திருக்கிறாய் என்று பதில் வந்தது. உண்மைதான். ஏற்றும்போது நிபந்தனைகளைப் படிக்காமல் பொத்தானை அமுக்கியவன் நான்.

அடுத்த மாதம் தென்னிந்திய மலைப்பாதை என்று ஒன்றை அவர்களே விலைக்கு விட்டார்கள். பாவாவுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினேன். திறந்ததும் தூக்கிவாரிப் போட்டது. அதே அடிவாரம், அதே வளைவு. நாலாவது பழம், ஒரு சாண் மேலே, அந்தரத்தில். அடப்பாவிகளா, என் தப்பைக்கூடவா விற்பீர்கள்? அது தப்பு என்பதுகூட அவர்களுக்குத் தெரியவில்லை.

பாவா வண்டியை நகர்த்தினார். சக்கரம் பழங்களின் மேல் ஏறி இறங்கியது. ஒன்றுகூட நசுங்கவில்லை. நான் செய்த அந்த நசுங்கும் வேலையை மட்டும் அவர்கள் எடுத்துவிட்டிருந்தார்கள். பின்னால் எடுத்து மறுபடியும் ஏற்றினார். பழங்கள் அப்படியே இருந்தன.

"நீ கொஞ்சம் சரி பண்ணேன்டா."

"முடியாது பாவா. இப்ப உள்ள கை வெக்கவே வுடமாட்றாங்க."

"அப்ப இது நம்ம வண்டி இல்ல. நான் எடுக்கமாட்டேன்."

கம்ப்யூட்டரை அவரே அணைத்தார். அக்கா தட்டில் சோறு கொண்டுவந்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.