கட்டைவிரலை ஆட்டிப் பார்த்த பிறகு

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு சித்திரை மாதம். காஞ்சிபுரத்தில், சுவரொட்டி ஒன்றில் எழுத்துப்பிழை கண்டுபிடித்துக்கொண்டே சைக்கிள் ஓட்டியதில், எதிரே நின்ற மாட்டுவண்டியைக் கண்டுபிடிக்கத் தவறினேன். வலது முழங்கால் சில்லு இரண்டாக உடைந்தது.

ஆஸ்பத்திரியில் காலையில் ஆபரேஷன் செய்து மாவுக்கட்டுப் போட்டார்கள். புதிதாக வந்திருந்த மயக்க மருந்து டாக்டர், அந்தக் காலுக்குப் போகும் நரம்புகளுக்கு மட்டும் ஊசி போட்டிருந்தார். சாயங்காலம் வரை வலி தெரியாது, அதுவரை கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். முதல் பாதி என் காதில் விழுந்தது.

வலி இல்லை. அதுதான் தொல்லை. சும்மா படுத்திருக்க ஒரு காரணமாவது வேண்டாமா? தொடையைக் கிள்ளினேன், யாரோ ஒருவருடைய தொடை. புத்தகத்தில் ஒரே பக்கத்தை நாலு தடவை படித்தேன். பக்கத்துக் கட்டிலில் பிள்ளையார்பாளையத்து நெசவாளி ஒருவர், முப்பது வயதிருக்கும், முனகிக்கொண்டிருந்தார். கண்ணாடி கிழித்து வலது உள்ளங்கையில் முந்தின நாள் தையல். மூன்று வாரம் விரல்களை அசைக்கவே கூடாதாம். அவர் குடும்பத்துக்கு அந்த விரல்கள்தான் சோறு. வலி என்பது பெரும்பாலும் மனசின் வேலை என்று, எங்கோ படித்ததை அவருக்கு அரைமணி நேரம் விளக்கினேன்.

"உங்களுக்கு ஊசி போட்டுக்கீறாங்க சார். நீங்க சொல்லுவீங்க."

மத்தியானம் கக்கூஸ் போக வேண்டியிருந்தது. பெட்பேன் கேட்க வெட்கம். மெல்லக் கட்டில் விளிம்புக்கு நகர்ந்தேன்.

"எறங்காதீங்க சார்! மொதல்ல கட்டைவிரலை ஆட்டுங்க, பாக்கலாம்."

"எதுக்குப்பா?"

"தறிக்குழியில நாள் பூரா உக்காந்துக்கினு இருந்தா காலு மரத்துப் பூடும். வெரலு ஆடுதான்னு பாத்துட்டுத்தான் எழுந்திருப்போம். இல்லன்னா தறி மேலயே உழ வேண்டியதுதான்."

ஆட்டினேன். மூளை உத்தரவு அனுப்பியது. விரலிலிருந்து பதில் இல்லை.

"ஆடுதுப்பா" என்று பொய் சொல்லி எழுந்தேன்.

கால் வழுக்கிக்கொண்டு போனது. தரை என்னை நோக்கி வந்த அந்த நொடியில் அவர் பாய்ந்து இரண்டு கையாலும் என்னைத் தாங்கிவிட்டார். என் முழங்கால் தரையைத் தொடவில்லை. அவர் கைக்கட்டு சிவந்துகொண்டே வந்தது.

"ஒரு பெட்பேன் கேட்டா கொறஞ்சா பூடுவீங்க?" என்று நர்ஸம்மா என்னைத் திட்டிக்கொண்டே அவரை மறுபடி தையல் போட அழைத்துப் போனார்.

காலியான கட்டிலையும் கதவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் மரப்பு விட ஆரம்பித்து, காலில் எறும்பு ஊர்வது போலிருந்தது. பிறகு, மனசின் வேலை என்று நான் சொன்ன வலி வந்தது. மனசு அவ்வளவு வேலை செய்யும் என்று நான் நினைக்கவில்லை. தூங்க ஊசி வேண்டுமா என்றார்கள். வேண்டாம் என்றேன். அவர் திரும்பி வரும்போது விழித்திருக்க வேண்டும்.

வந்தவர் கேட்ட முதல் கேள்வி: "இப்போ வெரலு ஆடுதா சார்?"

"ஆடுது."

"காட்டுங்க."

காட்டினேன். திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்துக் கைத்தடியோடு அவர் வீட்டுக்குப் போனேன். மற்ற விரல்கள் மடங்கின. சுண்டுவிரல் மட்டும் விறைத்து நின்றது. கண்ணாடி செய்ததா, நான் செய்ததா என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லையாம். "தறி ஓடுது, வுடுங்க சார்" என்றார்.

இன்றும் காலை மடித்துப் படித்துக்கொண்டிருந்தால் மரத்துப்போகும். எழுவதற்கு முன் கட்டைவிரலை ஆட்டிப் பார்ப்பேன். உடனே ஆடும். மடங்காத அந்தச் சுண்டுவிரல் நினைவுக்கு வர, அதன் பிறகும் சற்று நேரம் எழுந்திருக்க மாட்டேன்.